இரு முனையும் வெட்டிய முடி

சிறுத்தையின் எச்சம் நாலு நாள் வெயிலில் கிடந்தால் சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்துவிடும். அது தின்ற எலும்பெல்லாம் அதில் இருப்பதால் அப்படி. நாயினுடையதும் வெளுக்கும், ஆனால் சிறுத்தை நடைபாதையின் நட்டநடுவில் போடும், பக்கத்திலேயே பின்னங்கால்களால் மண்ணைக் கீறி வைக்கும். இந்த வழி என்னுடையது என்று சொல்வது அது. எங்கள் மாவட்டத்தில் எந்த ஊர் ஆந்திராவில் இருக்கும், எந்த ஊர் மதராஸ் பக்கம் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை வாதம் நடந்துகொண்டிருந்த காலம். மனுப் போடாமல், கூட்டம் கூட்டாமல் எல்லை காட்டிய ஒரே பிராணி நான் பார்த்தவரையில் சிறுத்தைதான்.

ஆட்டுக்குப் புழுக்கை, மாட்டுக்குச் சாணம், யானைக்கு லத்தி என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறோம். மாமிசம் தின்கிற மிருகத்துக்கு மட்டும் அச்சில் ஏற்றக்கூடிய தனிச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. எச்சம் என்றே எழுதுகிறேன். எங்கள் ஊரில் சொல்கிற சொல் வேறு.

அப்போது நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பாவை நைனா என்போம்; அவருக்குக் கைநாட்டு. புத்தூரைத் தாண்டி, நகரி மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் வேர்க்கடலை. வாரக் கடைசியில் ஊருக்குப் போனால் நான் மலைப்பாதையில் ஏறி, எச்சம் பொறுக்கி, காகிதத்தில் பொட்டலம் கட்டி, தேதியும் இடமும் எழுதிக்கொண்டு இறங்குவேன். பெரியப்பா மகளை அதே ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த அக்காவின் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். நான் பொட்டலங்களோடு இறங்கி வருவதைக் கிணற்றடியிலிருந்து பார்த்தாரானால் ஊருக்கே கேட்கும்படி சொல்வார்:

"எல்லாரும் பையனப் படிக்க வெச்சா ஆபீசர் ஆவறான். எங்க மச்சான் புலிப் பீ பொறுக்கிக்கினு வர்றான் பாருங்க. திருப்பதியில அதுக்கும் பரீட்சை வெக்கறாங்களாம்."

எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பேர். பரீட்சை மட்டும்தான் கிடையாது.

ஒரு மாதம் மலையைச் சுற்றினாலும் சிறுத்தை கண்ணில் படாது. நான் இன்றுவரை முழுசாகப் பார்த்ததில்லை. ஒரு தடவை வாலைப் பார்த்தேன். ஆனால் எச்சம் கிடைத்தால் போதும். தண்ணீரில் ஊறவைத்து மாவு சலிக்கும் சல்லடையில் அலசினால் கசடு போய் மயிரும் எலும்புத் துண்டும் நகமும் தங்கும். அம்மாவின் சல்லடை ஒன்று இப்படிப் போயிற்று. அவள் அதைக் கண்டுபிடித்த நாளைப் பற்றி எழுத மாட்டேன். முயல் மயிரை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே ஏணிப்படிகள்போல அறைகள் வரிசையாகத் தெரியும். காட்டுப்பன்றி மயிர் தடித்து, நுனியில் துடைப்பம்போலப் பிரிந்திருக்கும். கரடியின் எச்சத்தில் இலந்தைக் கொட்டையும் கரையான் தலைகளும் கிடைக்கும். அந்தக் கொட்டைகள் மறு மழைக்கு அங்கேயே முளைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காட்டில் யார் விதைக்கிறார்கள் என்று கேட்டால் நான் கரடியைக் காட்டுவேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் அட்டைப் புத்தகம் வைத்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணாடித் தகட்டில் ஒரு பிராணியின் மயிர், கீழே பெயர். ஆடு, நாய், முயல், புள்ளிமான், மிளா, பன்றி, குரங்கு. தோலிலிருந்தோ உயிருள்ள பிராணியிடமிருந்தோ நானே இடுக்கியால் பிடுங்கி ஒட்டியவை. கடைசிப் பக்கத்தில் மனிதன். அதற்கு என் தலையிலிருந்தே கத்திரியால் ஒரு கொத்து வெட்டி ஒட்டியிருந்தேன். கத்திரி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, வேறு காரணம் இல்லை.

என் படிப்பால் வீட்டுக்கு நேராக வந்த லாபம் ஒன்று உண்டென்றால் அது முடி மூட்டை. வேர்க்கடலை காய் பிடிக்கும் நேரத்தில் மலையிலிருந்து பன்றி இறங்கும். அதைத் தடுக்க வயலைச் சுற்றி வரப்போரம் மனிதர் தலைமுடியைத் தூவி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மோந்துகொண்டே வரும் பன்றியின் மூக்கில் முடி ஏறி, தும்மிக்கொண்டே திரும்பிவிடும் என்பார்கள். பாதி நாள் திரும்பும். ஊர் வயலுக்கெல்லாம் தூவ ஊர்த் தலைகள் போதாது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சலூன்களில் பெருக்கிக் குவித்த முடியைச் சாக்கில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்து வருவது என் பொறுப்பு. மூட்டையை அமுக்கிப் பார்த்துவிட்டு கண்டக்டர் என் முகத்தைப் பார்க்கும் பார்வைக்குப் பழகிப்போயிருந்தேன்.

அந்த வருஷம் வேர்க்கடலைப் பருவத்தில்தான் மாமா காணாமல் போனார். காலையில் கொடுவாளோடு மலைப்பக்கம் போனவர் திரும்பவில்லை. இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஊரே தேடப் போனது; நானும் போனேன். மலைப்பாதை ஏறும் இடத்தில் ஒரு புங்கமரத்தடியில் கொடுவாள் கிடைத்தது, துண்டில் சுற்றிய நிலையில். அதற்கு மேலே ஒரு கூப்பிடு தூரத்தில், பாதை நடுவில், இன்னும் வெளுக்காத எச்சம். பக்கத்தில் கீறல். எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அதுவரை சிரித்த ஊர் அன்று எனக்கு வழிவிட்டு நின்றது. நான் குனிந்து எடுத்துப் பொட்டலம் கட்டினேன்.

மறுநாள் கல்லூரியில் அதில் பாதியை அலசினேன். மீதிப் பாதியை எப்போதும்போல உறையில் போட்டு வைத்தேன். பாதியை எடுத்துவைக்காமல் எதையும் நான் தொடுவதில்லை. சல்லடையில் பன்றி மயிர் இருந்தது. கூடவே மெல்லிய, கறுப்பான, வேறு மாதிரி முடி. இரண்டு இழையை எடுத்துத் தகட்டில் வைத்தேன். மானில்லை, குரங்கில்லை, ஆடில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முடியோடு வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. அவ்வளவு சரியாகப் பொருந்தியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வனத்துறை ரேஞ்சர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். எழுதிக் கொடுத்தால்தான் மேலே போக முடியும் என்றார். ஓர் அதிகாரி என்னிடம் எழுதிக் கொடு என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சிறுத்தையின் எச்சத்தில் மனித முடி இருக்கிறது என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே பி.எஸ்ஸி. என்றும் போட்டேன். மனிதனைத் தின்றது என்று நான் எழுதவில்லைதான். ஆனால் அதைப் படிப்பவர் வேறு எப்படிப் படிப்பார்?

எனக்கு முன்பே அந்தக் காகிதம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. துப்பாக்கி லைசென்ஸ் உள்ள இரண்டு பேருக்குச் சிறுத்தையைச் சுட உத்தரவு வந்தது. மாமாவின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்போம், காரியத்துக்கு நாள் குறித்துவிட்டார். உடல் கிடைக்காதவருக்குப் புல்லால் உருவம் செய்து எரிப்பார்கள். பதினாறாம் நாள் காலை ஏரிக்கரையில் அக்காவின் தாலியை எடுப்பது என்று முடிவாயிற்று. தம்பியின் ஆவி அலையக்கூடாது என்ற கவலைதான் அவருக்கு. அக்கா அழவில்லை என்று அம்மா சொன்னாள். செய்தி கேட்டதும், "படிச்ச புள்ள எழுதிக் குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாளாம்.

அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. ஆனாலும் நான் எழுதியது தப்பு என்று தோன்றவில்லை. பார்த்ததை எழுதினேன் என்ற தைரியம்.

பதினைந்தாம் நாள் மதியம் காரியத்துக்காக ஊருக்குக் கிளம்பினேன். துக்கமானாலும் பன்றி நிற்குமா? இரண்டு நாளாக வயலில் இறங்கிவிட்டது, வரும்போது ஒரு மூட்டை கொண்டு வா என்று நைனா சொல்லி அனுப்பியிருந்தார். சலூன்காரர் கட்டி வைத்திருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். சாக்குக் கண்களின் வழியாக முடி வெளியே நீட்டிக்கொண்டு என் வெள்ளைச் சட்டையெல்லாம் ஒட்டியது. கையிலிருந்து ஒன்றை எடுத்தேன். வேறு எதற்கும் இல்லை, வேலைப் பழக்கம், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.

இரண்டு முனையும் மொட்டையாக இருந்தது.

வேர் இல்லை. இருக்கவும் முடியாது. சலூன் முடிக்கு ஒரு முனை போன மாதத்துக் கத்திரி, மறு முனை இந்த மாதத்துக் கத்திரி. தின்னப்பட்ட உடம்பின் முடிக்குத் தோலோடு வேர் இருந்தாக வேண்டும். என் அட்டையில் மனிதன் என்ற பக்கத்தில் மட்டும் வேர் கிடையாது, ஏனென்றால் அதையும் வெட்டித்தான் ஒட்டியிருந்தேன். வேரில்லாத முடியை வேரில்லாத முடியோடு வைத்து, அச்சாகப் பொருந்துகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் வயலுக்கு அந்த முடியை வருஷா வருஷம் சுமந்து போனது யார்? நான். வயல் வேலையை ஊரிலும் மைக்ராஸ்கோப்பை ஊருக்கு வெளியிலும் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே தலையில்தான் இருந்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

பாதி வழியில், வடமாலபேட்டையில், மூட்டையோடு இறங்கிவிட்டேன். மைக்ராஸ்கோப்புக்குக் கண்ணாடி வழியாகச் சூரிய வெளிச்சம் வேண்டும். பொழுது சாய்வதற்குள் திருப்பதி திரும்ப வேண்டும். திரும்பும் பஸ்ஸுக்காக நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியாது, சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்கு அன்று விடுமுறை. அட்டெண்டரை வீட்டில் போய்க் கூப்பிட்டு அறையைத் திறக்கச் சொன்னேன். உறையில் வைத்திருந்த மீதிப் பாதியை அலசி, இந்தத் தடவை இரண்டு இழை இல்லை, கிடைத்த முடி எல்லாவற்றையும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையையும் பார்த்தேன். எல்லாமே வெட்டு. ஒன்று நரை. ஒன்றில் மருதாணிச் சிவப்பு. ஒன்று சுருள், ஒன்று கோரை. ஓர் ஆளுக்கு இத்தனை தலை கிடையாது. அவற்றோடு பன்றி மயிர் வேரோடும் தோலோடும், பிஞ்சுக் குளம்பு ஒன்று. வரப்பில் முகத்தைப் புதைத்து, சேறும் முடியுமாக மலையேறிய பன்றிக்குட்டி. அதைச் சிறுத்தை முழுசாகத் தின்றிருக்கிறது. எங்கள் வேர்க்கடலைக்குக் காவல் இருந்ததைத்தான் சுடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விடியற்காலை முதல் பஸ். ஏரிக்கரையை அடையும்போது புல்லுருவம் தயாராக இருந்தது. அக்காவுக்குப் பட்டுப்புடவை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள், எல்லாவற்றையும் எடுப்பதற்காக. நான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நேராகப் பெரிய மாமாவிடம் போய், நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னிக்குப் புலி துன்னுச்சுன்னு எழுதிக் குடுத்ததும் நீதான். இன்னிக்கு இல்லன்னு வந்து நிக்கறதும் நீதான். எந்தக் கைய நம்பறது நாங்க?"

"கைய நம்ப வேணாம் பெரிய மாமா. கண்ணால பாருங்க."

என் தலையிலிருந்து ஒரு முடியை வெடுக்கென்று பிடுங்கிக் காட்டினேன். அடியில் வெள்ளையாக, அரிசி நொய்போல வேர். எச்சத்தில் கிடைத்ததையும் பூதக்கண்ணாடியையும் அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, காரியத்துக்காகக் கத்தியோடு உட்கார்ந்திருந்த நாவிதரைக் காட்டினார். அது சரியான தீர்ப்புதான். முடியைப் பற்றி அந்த ஊரில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் அவர்தான். அவர் கண்ணாடியை ஒதுக்கிவிட்டு வெறும் விரலால் முனைகளைத் தடவினார். பிறகு என் மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து அதையும் தடவினார்.

"ரெண்டும் ஒண்ணுதான். கத்திரி வெட்டு. பட்டணத்துக் கத்திரி" என்றார். "இதுல நரை கீது. உங்க தம்பி தலைய பதினஞ்சு வருசமா நான்தான் வெட்டிக்கினு வரேன். அதுல ஒரு நரை கெடையாது."

பின்னாலிருந்து யாரோ, "அப்போ புலி சலூன்ல பூந்து துன்னுச்சா?" என்றார்கள். ஏரிக்கரையில், அந்த வேளையில், நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பெரிய மாமா சிரிக்கவில்லை. முடி அவனுடையதாக இல்லாவிட்டாலும் ஆள் எங்கே, பதினாறு நாள் ஆயிற்றே, கொடுவாள் கிடந்ததே என்று வரிசையாகக் கேட்டார்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரு உசுரோட கீறாருன்னு உன்னால சொல்ல முடியுமா?"

ஆமாம் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. கண்ணால் பார்த்ததற்கு மேலே இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு தடவை போய்விட்டேன், மறுபடியும் போவதற்கில்லை.

"முடியாதுக்கா. புலி துன்னுச்சுன்னு சொல்லறதுக்கு ஆதாரம் இல்ல. அத மட்டும்தான் சொல்ல முடியும்."

"அது போதும்" என்றாள். எழுந்தாள். பூவைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாலியைப் புடவைக்குள் விட்டுக்கொண்டாள். எத்தனை நாளைக்கு இப்படி என்று பெரிய மாமா கேட்டதற்கு, "அவரு வர்ற வரைக்கும். இல்லாங்காட்டி வேற ஏதாவது தெரியற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு, மாடு கத்தும் என்று வீட்டுக்கு நடந்தாள். புல்லுருவத்தைக் கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை. பிறகு ஒரு மாடு வந்து அதைத் தின்ன ஆரம்பித்தது.

அன்று மத்தியானமே ரேஞ்சரைப் பார்த்தேன். "ஏமப்பா, ஒரு தடவை அவுனு, ஒரு தடவை காதா?" என்று தெலுங்கில் கேட்டார், ஒரு தடவை ஆமாம், ஒரு தடவை இல்லையா என்று. எங்கே தவறினேன் என்பதை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை கையெழுத்துக்குக் கீழே பி.எஸ்ஸி. போடவில்லை. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, சுடும் உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் அனுப்பினார். துப்பாக்கிக்காரர்கள் அதுவரை ஒரு காட்டுக்கோழியைத்தான் சுட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் மாமா வந்தார். நடந்து, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. விஷயம் இவ்வளவுதான்: திருத்தணியில் எல்லைக்காக மறியல் என்று கேள்விப்பட்டு, அண்ணனிடம் சொன்னால் விடமாட்டார் என்று மலைவழியாகப் போயிருக்கிறார். கையில் கொடுவாளோடு போனால் போலீஸ் வேறு கேஸ் போடும் என்று துண்டில் சுற்றிப் புங்கமரத்தடியில் வைத்திருக்கிறார். ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களோடு உட்கார்ந்து, வேலூர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார். கடிதம் எழுதத் தெரியாது. எழுதித் தரச் சொல்லிக் கேட்க வெட்கம்.

அக்கா பத்து நாள் அவரோடு பேசவில்லை. சோறு போடுவாள், பேசமாட்டாள். "புலி துன்னிருந்தாகூட இவ்ளோ கோவம் வந்திருக்காது" என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, எங்கள் ஊர் இங்கேயே நின்றது. மாமாவுக்கு அதில் இன்னும் ஆத்திரம். சிறுத்தை இரண்டு பக்கமும் கீறிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் எச்சத்தைத் தொடர்ந்து பொறுக்கி வருகிறேன். வேர்க்கடலைப் பருவத்தில் அதில் பன்றி மயிர் இல்லாத நாள் அபூர்வம். இதை ஊரில் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. நைனா மட்டும், அப்படியானால் முடி மூட்டை வேண்டாமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். சிறுத்தையும் பாதி நாள்தான் பிடிக்கிறது.

மாமா திரும்பி வந்த அதே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பொட்டலங்களோடு மலையிலிருந்து இறங்கினேன். கிணற்றடியில் மாமா உட்கார்ந்திருந்தார். வழக்கமான வசனத்துக்காகக் காத்திருந்தேன். அவர் எழுந்து வந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு உச்சந்தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இந்தா மச்சான். வேரோட கீது. உன் அட்டையில ஒட்டிக்க. நாளைக்கு நெசமாவே துன்னுச்சுன்னா கரெக்டா எழுதிக் குடு."

கடைசிப் பக்கத்தில் என் முடியை எடுத்துவிட்டு அதை ஒட்டினேன். கீழே மனிதன் என்றுதான் எழுதியிருக்கிறது, அதை மாற்றவில்லை. முடி கறுப்பு. அடியில் வேர் வெள்ளையாகத் தெரிகிறது.